தங்கச் சுரங்க நகரமான கல்கூர்லிக்குக் குடும்பத்தோடு போகலாமா?

கேள்வி: வெள்ளவத்தை வாசகி

அனைவருக்கும் வணக்கம். கனரக இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் கொழும்பில் பதினைந்து ஆண்டுகள் இருந்த என் கணவருக்கு, மேற்கு அவுஸ்திரேலியாவின் கல்கூர்லியில் நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் வேலை கிடைத்திருக்கிறது. பேர்த் நகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 600 கிலோமீற்றர் தொலைவில், வறண்ட நிலத்தின் நடுவே உள்ள ஊர் அது. மகளுக்குப் பதினான்கு வயது, மகனுக்கு ஏழு. நானோ காலி வீதியின் இரைச்சலையும் கடற்காற்றையும் விட்டு ஒரு மாதங்கூட வெளியே இருந்ததில்லை.

சம்பளத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. தங்கம் தீர்ந்தாலோ அதன் விலை விழுந்தாலோ அந்த ஊர் என்ன ஆகும், அதுவரை பிள்ளைகள் அங்கே எப்படி வளர்வார்கள் என்பதே என் கவலை. "தண்ணியில்லாக் காட்டுக்குப் பேரப்பிள்ளைகளைக் கொண்டுபோகிறாயா?" என்று மாமி கேட்கிறார். அங்கே வாழ்ந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

பதில் 1: கொட்டாஞ்சேனைக்குத் திரும்பியவள்

தங்கச்சி, நான் அந்த ஊரில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். உங்கள் மாமி சொன்னது ஒரு காலத்தில் முழு உண்மை. 1893இல் பற்றிக் ஹானன் என்ற அயர்லாந்துக்காரரும் அவருடைய இரு தோழர்களும் அங்கே தங்கம் கண்டபின் கூட்டம் குவிந்தது. நல்ல நீர் இல்லாமல் நெருப்புக்காய்ச்சலில் (டைபொயிட்) பலர் இறந்தார்கள். பிறகு பேர்த்துக்கு அருகிலுள்ள மண்டாரிங் அணையிலிருந்து 500 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்துக்குக் குழாய் பதித்து, எட்டு நீரேற்று நிலையங்கள் அமைத்து, 1903இல் நீரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்தத் திட்டத்தை வகுத்த பொறியியலாளர் சார்ள்ஸ் ஓகொனர் அதற்கு முந்திய ஆண்டே இறந்துபோனார். நான் அங்கே சோறு வடித்ததும் அந்தக் குழாய்வழி வந்த நீரில்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் அந்த மனிதரை மனதில் கும்பிட்டிருக்கிறேன்.

மழை ஆண்டு முழுவதற்கும் 270 மில்லிமீற்றர் அளவில்தான் பெய்யும். கொழும்பில் ஒரு நல்ல ஐப்பசி மாதத்திலேயே அதைவிட அதிகம் பெய்துவிடும். கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். ஆடி மாத இரவுகளிலோ கம்பளி இல்லாமல் தூங்க முடியாது. செம்மண் தூசி துணிகளில் ஏறினால் எளிதில் போகாது. ஊரின் விளிம்பில் 'சுப்பர் பிற்' என்ற திறந்த சுரங்கம் மூன்றரைக் கிலோமீற்றர் நீளத்துக்கு விரிந்து கிடக்கிறது. அங்கே வெடி வைக்கும்போது எங்கள் சமையலறை யன்னல்கள் அதிரும். முதல் வாரம் என் மகன் மேசைக்கடியில் ஒளிந்தான், இரண்டாம் மாதம் வெடிச் சத்தம் கேட்டும் நிமிராமல் வீட்டுப்பாடம் செய்தான்.

உண்மையான கஷ்டம் வேலைநேரம்தான். பன்னிரண்டு மணிநேர முறைவேலை, அதிலும் இரவு முறை வந்தால் பகலெல்லாம் அப்பா தூங்குவார். பிள்ளைகள் பேச்சைத் தாழ்த்தியே வளர்வார்கள். முதல் வருடம் நான் பேசாமலே நாட்களைக் கழித்தேன். பிறகு நூலகத்துக்குப் போகத் தொடங்கினேன். அங்கே அறிமுகமான பிலிப்பீன்ஸ் பெண்மணி ஒருவரும் கேரளத்துத் தாதி ஒருவரும் என்னைத் தாங்கினார்கள். மிளகாய்த்தூளும் கருவாடும் பேர்த்திலிருந்து யாராவது வரும்போது வந்து சேரும். பிள்ளைகளைப் பொறுத்தவரை நான் பயந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. இங்கே வாசலைத் தாண்ட அஞ்சிய என் மகள் அங்கே தனியாகச் சைக்கிளில் பள்ளிக்குப் போனாள். ஆனால் கடைசி இரண்டு வகுப்புகளுக்கு எங்கள் தெருவில் பாதிக் குடும்பங்கள் பிள்ளைகளைப் பேர்த் நகரிலுள்ள விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பின. உங்கள் மகளுக்கு அந்த வயது விரைவில் வந்துவிடும். அதை இப்போதே யோசியுங்கள்.

பதில் 2: அற்றன் பிள்ளை, இப்போது தெமட்டகொடை

நான் கல்கூர்லியைக் கண்டதில்லை. ஆனால் வேலையும் வீடும் ஒரே கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கான லயத்துக் காம்பராவில் பிறந்தவன். தாத்தா வாழ்நாள் முழுவதும் உழைத்த தோட்டத்தில், அவர் படுத்திருந்த மண் அவருடையதாக இருக்கவில்லை. வேலைக்குப் போகிறவர் வீட்டில் இல்லாவிட்டால் காம்பராவும் கையைவிட்டுப் போகும் என்ற பயத்திலேயே என் சித்தி பள்ளியை இடையில் விட்டுக் கொழுந்து பறிக்கப் போனார். ஆகவே அக்கா, ஒப்பந்தத்தில் நீங்கள் முதலில் படிக்க வேண்டிய பக்கம் வீட்டைப் பற்றியது. வீடு நிறுவனத்துடையதா, வாடகை யார் பெயரில், வேலை நின்றால் எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

விசா நிலையையும் பாருங்கள். முதலாளி அனுசரணை வழங்கும் தற்காலிக விசாவாக இருந்தால், வேலை போனபின் வேறு அனுசரணையாளரைத் தேட 2024 ஜூலையிலிருந்து ஒரு தடவைக்கு 180 நாள் வரை அவகாசம் உண்டு.

பதில் 3: சுரங்கப் பொறியியல் படித்தவன்

ஊரின் எதிர்காலத்தைப் பற்றிய கேள்விக்கு, அதே பகுதியின் மற்ற ஊர்களே பதில் சொல்கின்றன. கல்கூர்லிக்கு நாற்பது கிலோமீற்றர் மேற்கே உள்ள கூல்கார்டி 1890களில் மேற்கு அவுஸ்திரேலியாவின் பெரிய நகரங்களில் ஒன்று. இன்று ஆயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர். வடக்கே இருந்த குவாலியாவில் 1963இன் இறுதியில் சுரங்கம் மூடப்பட்டதும், சில வாரங்களுக்குள் வீடுகளை அப்படியே விட்டுவிட்டு மக்கள் போய்விட்டார்கள்.

கல்கூர்லி தப்பியதற்குத் தங்கம் மட்டும் காரணமல்ல. தங்கத்தின் விலை அவுன்சுக்கு 35 அமெரிக்க டொலரில் கட்டுண்டு கிடந்து சுரங்கங்கள் நலிந்த நேரத்தில், 1966இல் அருகே கம்பல்டாவில் நிக்கல் கண்டுபிடிக்கப்பட்டது. குழாய்வழி நீர், தொடருந்துப் பாதை, 1903 முதல் அங்கே இயங்கும் சுரங்கவியல் கல்லூரி, சுற்றுவட்டாரம் முழுவதற்குமான மருத்துவமனை ஆகியவை இருந்ததால் புதிய வேலை வந்தபோது ஆட்கள் தங்க ஊர் தயாராக இருந்தது. அதே நிக்கலும் நிலைக்கவில்லை: உலக விலை சரிந்து, 2024இல் அங்கிருந்த நிக்கல் உருக்காலை உட்பட அந்தத் தொழிலைப் பிஎச்பி என்ற சுரங்க நிறுவனம் இடைநிறுத்தியது. தங்கமோ இப்போது நல்ல விலையில் இருக்கிறது. முப்பதாயிரம் பேரளவில் வாழும் அந்த ஊர் உங்கள் நான்கு ஆண்டுகளுக்குள் குவாலியா ஆகிவிடாது என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் கணவரின் வேலை பொன்னைச் சார்ந்ததா, வேறு உலோகத்தைச் சார்ந்ததா என்பதை மட்டும் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிகுந்த நன்றி. வேலை தங்கச் சுரங்கத்தில்தான். வீட்டைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை என்பதை நேற்றிரவு படித்தபோதுதான் கண்டேன். இன்று காலை எழுத்தில் கேட்டிருக்கிறோம். பதில் வரும்வரை அவர் கையெழுத்திடப் போவதில்லை. கொட்டாஞ்சேனை அக்கா, மகள் உங்கள் மகளுடன் ஒருமுறை பேச ஆசைப்படுகிறாள். அந்தச் சைக்கிள் கதையை அவளிடம் வாசித்துக் காட்டினேன்.

கொட்டாஞ்சேனைக்குத் திரும்பியவள்

தாராளமாகப் பேசட்டும். ஞாயிறு பின்னேரம் அவள் வீட்டில்தான் இருப்பாள், தனிமடலில் தொடர்புகொள்ளுங்கள்.