புலாவ் ஹந்து: மணல்திட்டு மூடிய அந்த நேரம்

வெஸ்ட்கோஸ்ட்_வாசி
சிங்கப்பூருக்குத் தெற்கே உள்ள புலாவ் ஹந்து, பெசார் (பெரியது), கெச்சில் (சின்னது) என்று இரண்டு தீவு. தண்ணி வடிந்தால் ஹந்து பெசாரிலிருந்து கெச்சிலுக்கு நடந்தே போகலாம், தெரிந்த விஷயம்தான். திரும்பும்போதுதான் வினை. முதலில் நண்டு வளைகளுக்குள் குமிழி வந்தது. அடுத்து கணுக்கால், பார்த்தால் முழங்கால். எதிரே புக்கோம் தீவின் எண்ணெய் ஆலை விளக்குகள். தீவில் கூப்பிட ஓர் ஆள் இல்லை. இவ்வளவு வேகமாகவா ஏறும்?

மீன்கொத்தி
மலாய்ல ஹந்துன்னா பேய். பேய்த் தீவுன்னு சும்மாவா பேர் வச்சாங்க 😅

ஓதக்கணக்கு
பேயுமில்லை பிசாசுமில்லை. கடல் வற்றி மறுபடி ஏறும் ஏற்றம் முழுவதையும் 12 பங்காக வையுங்கள். வடிந்து முடிந்தபின் முதல் மணி நேரத்தில் 1 பங்கு, இரண்டாவதில் 2, மூன்றாவதிலும் நாலாவதிலும் 3. மொத்த ஏற்றம் 2.4 மீட்டர் என்றால் 20, 40, 60, 60 செ.மீ. முதல் மணி நேரம் "ஒண்ணும் ஏறலையே" என்று தோன்றும், அங்கேதான் ஏமாறுவது. தோராயக் கணக்குதான், ஆனால் ஆளைக் காப்பாற்றும். வடியும்போதே இறங்கிவிடுங்கள், ஓத அட்டவணையில் உள்ள வற்று நேரம் (தண்ணீர் மிகக் குறையும் நேரம்) வந்ததும் திரும்புங்கள். வற்று மட்டமே 0.5 மீட்டருக்கு மேல் காட்டும் நாளில் கடக்கவே வேண்டாம். நல்ல வற்று, ஆண்டு நடுவில் விடியலுக்கு முன்பும் ஆண்டிறுதியில் மாலையிலும் வரும். ஆண்டு நடுவில் சுமத்ரா காற்றும் (சுமத்ரா பக்கமிருந்து வரும் திடீர்ப் புயல்மழை) அதே விடியலில்தான் அடிக்கும், படகு கரை அணையாது. ஃபெரி கிடையாது, குடிதண்ணீரும் கிடையாது, ஆகவே அரை நாளுக்குக் கூடுதலாகத் தண்ணீர் எடுங்கள்.

பழைய_வரைபடம்
@மீன்கொத்தி, பெயருக்குக் கதை உண்டு. இரண்டு வீரர்கள் கடலில் வெட்டிக்கொண்டார்கள். ரத்தம் கலந்ததில் கோபப்பட்ட ஜின் என்ற கடலடி ஆவி குறுக்கே புகுந்தது. இருவரும் மாண்டு தீவுகளானார்கள். சின்ன ஆள்தான் கெச்சில். கதை இருக்கட்டும், கரை பழையதல்ல. 1970களில் மண் கொட்டிப் பெருக்கியது, கடல்சுவர் அப்போது வந்தது. பக்கத்துப் புக்கோமில் 1891இல் மண்ணெண்ணெய்க் கிடங்கு, 1961இல் சுத்திகரிப்பு ஆலை. அது எண்ணெய்க்குப் போனது, இது ஆளில்லாமல் நின்றது. எனக்கென்னவோ ஜின்னை விட இதுதான் பெரிய கதை.

பவளக்கால்
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஓதத்தை மட்டும் பேசுகிறீர்கள், விஷ முள் உள்ள கல்மீனை (stonefish) விட்டுவிட்டீர்களே! பாசி படிந்த கல் மாதிரியே கிடக்கும், நகராது. முதுகில் 13 முள், ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும். கெட்டி அடிப்பகுதி உள்ள பூட்ஸ் போடுங்கள். கலங்கிய தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காதீர்கள், மணலில் உரசித் தள்ளி நடங்கள். திருக்கை விலகிப் போகும். கல்மீன் விலகாது, அதனால் முன்னால் குச்சியால் தட்டிப் பாருங்கள்.

குத்திவிட்டால் ஐஸ் வைப்பார்கள், தப்பு. பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில், சுமார் 45 டிகிரி செல்சியஸ், 30 முதல் 90 நிமிடம் காலை முக்கி வைக்க வேண்டும். அதற்குத்தான் ஃபிளாஸ்க்கில் சுடுதண்ணி. சூட்டைக் குத்தாத காலில் பாருங்கள். குத்திய கால் மரத்திருக்கும், வெந்தாலும் தெரியாது. சிங்கப்பூர் ஆம்புலன்ஸ் எண் 995ஐ அழைத்துவிட்டு முக்குங்கள், முக்கிவிட்டு அழைக்காதீர்கள்.

வெஸ்ட்கோஸ்ட்_வாசி
நன்றி அண்ணே. அப்போ தண்ணி ஏற ஆரம்பித்த நாலாவது மணி நேரத்தில்தான் கடந்திருக்கோம்.