'காலநிலை ஈடுகொடுதிறன்': அருங்காட்சியகங்களுக்கான கலைச்சொல் குறித்து

அனைவருக்கும் வணக்கம்.

பல்கலைக்கழக அருங்காட்சியகங்களும் கலைக்கூடங்களும் புயல், வெள்ளம், வெப்பம் ஆகியவற்றுக்கிடையே தம் சேகரிப்புகளைக் காத்துத் தொடர்ந்து இயங்கும் ஆற்றலை ஆங்கிலத்தில் 'climate resilience' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'காலநிலை மீள்திறன்' என்ற சொல்லை நம் கலைச்சொல் உரையாடலில் பேராசிரியர் ஐயா முன்வைத்திருக்கிறார். அது ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல்தான். ஆயினும், இத்துறைக்கு அது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து.

மீள்திறன் என்றால், குலைந்தது பழைய நிலைக்குத் திரும்பும் என்றாகிறது. நிறுவனம் திரும்பலாம், காட்சிப்பொருள் திரும்பாது. சென்னை போன்ற கடலோர ஊரில் செப்புத் திருமேனியில் படியும் குளோரைடு உப்பு, காற்றில் ஈரம் மிகும்போது உலோகத்தை உள்ளிருந்து அரித்து, வெளிர்பச்சைப் பொடியாக உதிரச் செய்கிறது. அரிப்பைத் தடுத்து நிறுத்தலாமே தவிர, பொடியாகிப்போன விரல்நுனியின் நுண்வேலைப்பாட்டை எந்த வேதிப்பொருளாலும் மீட்க முடியாது. வெள்ளநீரில் ஊறி ஒட்டிக்கொண்ட ஏட்டுச்சுவடியும் அப்படித்தான்.

'தாங்குதிறன்' என்பதைச் சிலர் பரிந்துரைத்தனர். அது பொறியியலில் சுமை தாங்குவதையும், சூழலியலில் ஒரு வாழிடம் எத்தனை உயிர்களைத் தாங்கும் என்பதையும் குறித்து வேரூன்றிவிட்டது.

எனவே 'காலநிலை ஈடுகொடுதிறன்' என்பதைப் பரிந்துரைக்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும் 2023 மிக்ஜாம் புயலின்போதும், 'இந்த மழைக்கு வடிகால் ஈடுகொடுக்கவில்லை' என்றுதானே நாம் இயல்பாகப் பேசினோம்? ஈடுகொடுத்தலில் எதிர்த்து நிற்பதும் உண்டு, சூழலுக்கேற்ப மாறிக்கொள்வதும் உண்டு. அருங்காட்சியகத்துக்கு இவ்விரண்டுமே தேவை. உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் வகுத்த பிசோ பசுமை நெறிமுறை, பெரும்பாலான பொருள்களுக்கு ஒப்பு ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம் வரையும், வெப்பநிலை 16 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரையும் மாற இடமளிக்கிறது. சென்னையின் மழைக்கால ஈரப்பதம் இவ்வரம்பை எளிதில் தாண்டிவிடும். புயலில் மின்சாரம் போனால் குளிர்சாதனமும் நின்றுவிடும். அப்போது சுவடிகளைத் தரைத்தளத்திலிருந்து மேல்தளத்துக்கு மாற்றுவதும், மூடிய காட்சிப்பேழைக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைப்பதும், எதை முதலில் வெளியேற்றுவது என்று துறை மாணவர்களுக்கு முன்கூட்டியே பயிற்சி அளிப்பதும்தான் ஈடுகொடுத்தல்.

'ஈடுதிறன்' என்று சுருக்குவதை நான் ஆதரிக்கவில்லை. அடமானமும் இழப்பீடும் நினைவுக்கு வருகின்றன. 'தாங்குதிறன்' போலவே 'ஈடுகொடுதிறன்' என்பதும் வினைத்தொகையாக இயல்பாக அமைகிறது. பெயரடையாக வரும் இடங்களில் மட்டும் 'காலநிலைக்கு ஈடுகொடுக்கும் கலைக்கூடம்' என்று விரித்தே எழுதலாம். சொற்பட்டியலில் இவ்விரு வடிவங்களையும் சேர்க்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஓர் உறுப்பினர்