எழுத்தின் ஓரத்தை வழவழப்பாக்கியதில் உங்களுக்கு நடந்தது என்ன?

கண்ணம்மாள் பேரன்:
பாட்டியின் பதினாறாம் நாள் நோட்டீஸ். டிசைன் செய்தவர் போட்டோஷாப்பில் ஆன்டி-அலயாஸிங்கை, அதாவது எழுத்தின் ஓரத்தைச் சாம்பல் பிக்சல்களால் வழவழப்பாக்கும் வசதியை, ஸ்மூத்தில் வைத்திருந்தார். திரையில் நன்றாகத்தான் இருந்தது. அச்சகத்தில் சாம்பல் நிறமே இல்லாத வெறும் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட்டார்கள். கட்டைப் பிரித்தால் 'கண்ணம்மாள்' என்பது 'கணணமமாள' என்று கிடக்கிறது. தாத்தா யாரையும் திட்டவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து, ஒவ்வொரு நோட்டீஸிலும் மூன்று புள்ளி வைத்தார். எனக்கு அது ஆறவே இல்லை. சின்ன எழுத்துக்கு இந்த ஸ்மூத் வேண்டவே வேண்டாம்.

சிவகாசி டிடிபி:
ஸ்மூத் மேல் பழி போடுவதை ஏற்க மாட்டேன். எழுத்தின் ஓரம் ஒரு பிக்சலில் பாதியை மறைத்தால் அதற்குப் பாதிக் கறுப்பு கொடுக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. உங்கள் பைல் 72 ரெசல்யூஷனில், அதாவது அங்குலத்துக்கு 72 பிக்சலில், இருந்திருக்கும். 9 பாயின்ட் எழுத்துக்கு அங்கே மொத்தமே 9 பிக்சல் உயரம்; புள்ளிக்கு ஒன்று தேறினாலே அதிகம். 300 வைத்திருந்தால் அதே எழுத்துக்கு 37 பிக்சல் கிடைத்திருக்கும்.

கொடை பேனர்:
எனக்கு நடந்தது வேறு. கோயில் கொடைக்குச் சங்கத்தின் பெயரை வெள்ளைப் பின்னணியோடு ஜேபெக்காக அனுப்பினார்கள். ஒரே நிறப் பகுதியைத் தேர்ந்தெடுக்கும் மேஜிக் வாண்டால் வெள்ளையை எடுத்துவிட்டுச் சிவப்பில் வைத்தால் எழுத்தைச் சுற்றிலும் வெள்ளை நூல் ஓட்டியது போல் கோடு. ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் பெயரைவிட அந்தக் கோடுதான் முதலில் தெரிந்தது.
அதனால் சொல்கிறேன், லோகோ கேட்கும்போதே எஸ்விஜி கேட்டு வாங்குங்கள், அது பிக்சலாக இல்லாமல் கோடுகளாகவே இருக்கும் பைல். கிடைக்காவிட்டால், கறுப்பு எழுத்தாக இருக்கும் பட்சத்தில் வெள்ளையை வெட்டாமல் லேயரை மல்டிப்ளையில் வையுங்கள்; வெள்ளை மறைந்து கீழே உள்ள நிறம் தெரியும். ஓரத்துச் சாம்பல் சிவப்போடு தானே கலந்துவிடும். பின்னணி இல்லாத படம் என்றால் பிஎன்ஜி. ஜிஃப் வேண்டாம், அதில் ஒரு பிக்சல் முழுசாகத் தெரியும், இல்லாவிட்டால் தெரியாது. பாதி தெரிவது என்பதே கிடையாது. ஸ்டிக்கர் கட்டிங்குக்கு எழுத்தைப் பாத்தாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிக் கொடுங்கள், கத்தி கோட்டின் மேல்தான் ஓடும். போட்டோஷாப்புக்குப் பதில் கிம்ப் வைத்திருப்பவர்கள் சின்ன எழுத்துக்கு ஹின்டிங்கையும், அதாவது எழுத்தின் கோடுகளைப் பிக்சல் கட்டத்தோடு பொருத்தும் அமைப்பையும், மாற்றிப் பாருங்கள்.

கண்ணம்மாள் பேரன்:
பேனர் எனக்கு வேண்டாம் அண்ணா. வருஷ திதிக்கு அதே பைலை எடுக்கப்போகிறோம். இப்போது 300 ஆக்கினால் புள்ளி வருமா?

சிவகாசி டிடிபி:
டெக்ஸ்ட் லேயர் அப்படியே இருந்தால் வரும் தம்பி. ராஸ்டரைஸ் செய்து எழுத்தை வெறும் பிக்சல் படமாக்கியிருந்தால் வராது, மறுபடி டைப் அடித்துப் பிடிஎஃப்பாகக் கொடுங்கள். அச்சுக்குப் போகும் முன் தாத்தாவிடம் ஒரு புரூஃப் காட்டிவிடுங்கள்.