லேட்டக்ஸ் பலூனில் ஹீலியம் கூடுதலாக அடைத்தால் உயரம் கூடுமா?

மேகதூரம்:
600 கிராம் லேட்டக்ஸ் பலூன். கருவிப்பெட்டி, பாராசூட், கயிறு எல்லாம் சேர்த்து 350 கிராம். 30 கி.மீ. தாண்டணும். ஹீலியத்தைக் கூடுதலாக அடைக்கலாமா? படங்களில் சில பலூன்கள் தொளதொளவென்று தொங்குகின்றனவே, அப்படி விடணுமா?

காற்றுமானி:
தொளதொளவென்று தொங்குபவை பாலித்தீன் பலூன்கள். அவை நீளாது, அதனால் விரிய இடம் விட்டு நிரப்புவார்கள். ரப்பர் கிளம்பும்போதே உருண்டையாகத்தான் இருக்கும்.

கூடுதலாக அடைத்தால் வேகம் கூடும், உயரம் குறையும். கணக்கைப் பாருங்கள். 1.5 கன மீட்டர் ஹீலியம் சுமார் 1,550 கிராம் தூக்கும். பலூன், சுமை போக மிச்சம் 600. நொடிக்கு 5 மீட்டருக்கு அது போதும். தரையில் விட்டம் 1.4 மீட்டர். 31 கி.மீ.யில் அழுத்தம் 1013-லிருந்து 10 ஹெக்டோபாஸ்கலுக்கு இறங்கிவிடும். குளிரையும் சேர்த்தால் கன அளவு 75 மடங்கு, விட்டம் 6 மீட்டர். இந்த அளவுப் பலூன் வெடிப்பது ஏறக்குறைய அங்கேதான். இதுவே 3 கன மீட்டர் அடைத்தால் அதே 6 மீட்டரை 26, 27 கி.மீ.யிலேயே தொட்டு வெடித்துவிடும்.

ரொம்பக் குறைத்தாலும் ஆபத்து. 100 கிராம் மிச்சத்தோடு விட்டால் ஊர்ந்து ஏறும், சில சமயம் வெடிக்காமலே மணிக்கணக்கில் மிதந்து எங்கோ போய்விடும்.

வடகால்:
நம்ம பக்கம் குளிரை மறக்கக்கூடாது. சென்னைக்கு மேலே 16, 17 கி.மீ.யில் மைனஸ் 80 டிகிரி வரை போகும், ரப்பர் விறைத்துவிடும். பகலில் வெயில் சூடேற்றிக் காப்பாற்றும். இரவில் விட்டால் சீக்கிரம் வெடிக்கலாம். உறையிலிருந்து எடுப்பதிலிருந்தே பருத்திக் கையுறை போடுங்கள், கீழே சுத்தமான விரிப்பு போடுங்கள். நகம் கீறிய இடம் தரையில் கண்ணுக்கே தெரியாது. மேலே அந்த இடம்தான் முதலில் கிழியும்.

பாராசூட்டைப் பலூனுக்கும் பெட்டிக்கும் நடுவே கட்டுங்கள். தரைக்கருகே நொடிக்கு 5 மீட்டரில் இறங்கும் பாராசூட், 30 கி.மீ.யில் 40 மீட்டர் வேகத்தில் விழும்; பிடிக்க அங்கே காற்றே இல்லை. அந்த உதறலுக்கு முடிச்சுகள் தாங்கணும். ஏவும் முன் விமானப் போக்குவரத்து அனுமதியும் கட்டாயம்.

மேகதூரம்:
நன்றி அண்ணா. 1.5 கன மீட்டர் ஆனதை எப்படித் தெரிந்துகொள்வது?

காற்றுமானி:
எடை கட்டிப் பாருங்க தம்பி. சுமை 350, மிச்சம் 600, ஆக 950 கிராம். தண்ணீர் பாட்டிலை, நிரப்பும் குழாய்முனையோடு சேர்த்து, சரியாக 950 கிராமுக்கு எடைபோட்டு பலூன் கழுத்தில் தொங்கவிடுங்கள். சிலிண்டர் ஹோஸின் பாரம் அதில் இழுக்கக்கூடாது. பாட்டில் ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் நின்றால் வால்வை மூடுங்கள். இதைக் காற்றடிக்காத மறைவில் செய்யணும். வெட்டவெளியில் காற்று பலூனைச் சாய்த்து அழுத்தும், அளவு தப்பும்.