புதுப்பிப்பு: மற்ற மீன்களைத் துரத்திய ஆரட்டஸ் சிக்லிட் அடங்கியது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த சிக்லிட் மீன்களை வளர்க்கும் என் தொட்டியில், ஆரட்டஸ் என்ற வகை ஆண் மீன் ஒன்று மற்றவற்றை மூலைக்கு விரட்டி வாலைக் கிழிக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன்.

அதைக் கொஞ்ச நாள் தனியே வைக்கும் யோசனை மட்டும் போதவில்லை. திரும்ப விட்டதும் நேராகப் பழைய குகைக்கே போய் உட்கார்ந்துகொண்டது.

பலன் தந்தது கற்களைக் கலைத்து அடுக்கும் யோசனைதான். எல்லா மீன்களையும் வாளிக்கு மாற்றி, கற்களைத் தனித்தனிக் குவியல்களாகக் கிட்டத்தட்ட நீர்மட்டம் வரை அடுக்கினேன். ஒரு குவியலிலிருந்து பார்த்தால் அடுத்ததன் பின்புறம் தெரியாது. ஆரட்டஸைக் கடைசியாக விட்டேன். எது தன் இடம் என்று புரியாமல் கண்ணாடியோரமாகவே சுற்றியது. அப்புறம் பெண் மீன்களையும் சேர்த்ததில் துரத்தல் ஒன்றின் மேலேயே விழாமல் பரவிவிட்டது. இப்போதும் துரத்துகிறது, ஆனால் யாருக்கும் காயமில்லை. மீன் கூடியதால் இன்னொரு ஃபில்டர் போட்டேன், வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றுகிறேன்.

கற்களை மணல் மேல் வைக்காமல் அடிக்கண்ணாடி மேலேயே வைக்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. மீன்கள் அடிக்கண்ணாடி தெரியும் அளவுக்கு மணலைத் தோண்டியிருக்கின்றன, ஒரு கல்கூட அசையவில்லை.

எதிர்பாராதது ஒன்று: ஒரு பெண் மீன் சாப்பிடுவதை நிறுத்தியது. நோய் என்று பயந்தேன். பார்த்தால் தாடை உப்பியிருக்கிறது, வாய் நிறைய முட்டை! இவை முட்டைகளை வாயிலேயே வைத்துச் சுமார் 3 வாரம் சுமக்கும். தொந்தரவு செய்தால் துப்பிவிடும் என்பதால் வலை பக்கமே போகவில்லை.