அயர்லாந்துத் தாத்தாவைத் தேட எந்தத் தளத்துக்குப் பணம் கட்டுவது?

சாட்ஸ்வொர்த் தேவி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் ஆயா, அதாவது அம்மாவின் அம்மா வழியைப் போன வருடமே கண்டுபிடித்துவிட்டேன். தென்னாப்பிரிக்காவில் நம் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் கப்பல் பட்டியலில் ஆயாவின் அப்பா இருக்கிறார். எண், வயது, தகப்பன் பெயர், வட ஆற்காட்டில் எந்த ஊர், உடம்பில் எங்கே தழும்பு என்பது வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள், ஒரு சென்ட் செலவில்லை. தாத்தா வழிதான் இருட்டாகவே கிடக்கிறது. அம்மாவின் அப்பா அயர்லாந்துக்காரர்.

பெயர் ஜான் சல்லிவன். 1904 அல்லது 1905இல் பிறந்தவர், கார்க் பக்கம் என்று அம்மா சொல்வார். இங்கே ரயில்வேயில் வேலை. 1936இல் டர்பனில் கத்தோலிக்க சர்ச்சில் ஆயாவைக் கல்யாணம் செய்துகொண்டார், 1958இல் இறந்துவிட்டார். 1949இல் கலப்பு மணத்தைத் தடுக்கிற சட்டம் வந்தபோது இவர்கள் கல்யாணம் முடிந்து 13 வருடம் ஆகியிருந்தது, ஆனாலும் அதற்கப்புறம் வெளியாட்கள் முன்னால் தாத்தா பேச்சை எடுப்பதையே நிறுத்திவிட்டார்களாம். கிளேர்வுட்டை விட்டு சாட்ஸ்வொர்த்துக்கு வந்தபோது படங்களும் தொலைந்து போயின. மிஞ்சியது ஒரு ஜெபமாலையும் ஒரு கடித உறையின் கிழிந்த மூலையும்தான். அந்த மூலையில் தபால் முத்திரை பாதி இருக்கிறது, 'ஸ்கிப்' என்ற எழுத்துகள் வரை படிக்க முடிகிறது, மீதி கிழிசலோடு போய்விட்டது.

பணம் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பெரிய தளத்தில் சில நாள் இலவசம் என்று போட்டிருந்ததை நம்பி கார்டு எண்ணைக் கொடுத்தேன். நாள் முடிந்ததும் முழு வருடச் சந்தாவையும் பிடித்துக்கொண்டார்கள், 3,000 ரேண்டுக்கு மேல். கேட்டால் நீங்கள்தான் முன்கூட்டியே நிறுத்தியிருக்க வேண்டும் என்று பதில். அவ்வளவு கொடுத்தும் ஜான் சல்லிவன் என்று தட்டினால் ஆயிரக்கணக்கில் வந்து விழுகிறது, பாதிப் பேர் அமெரிக்காவில் இருக்கிறார்கள். ரூட்ஸ் அயர்லாந்து என்று இன்னொரு சந்தா தளம் இருக்கிறதாம், அதில் சேரலாமா? அம்மாவுக்கு 85 வயது. அவர் இருக்கும்போதே தாத்தாவின் ஊர்ப் பெயரையாவது அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

டொங்காட் ராஜன் எழுதியது:

தேவி அக்கா, இப்போதைக்கு யாருக்கும் பணம் கட்டாதீர்கள். நான் ஆறு வருடமாக என் மனைவி வீட்டாரின் ஐரிஷ் வழியைத் தேடுகிறேன், முதல் இரண்டு வருடம் உங்களைப் போலவே பணத்தை இறைத்தேன். உங்களுக்கு வேண்டியதில் முக்கால்வாசி இலவசமாகவே இருக்கிறது, ஆனால் விளம்பரம் செய்கிறவர்கள் எல்லாம் சந்தா தளங்கள் என்பதால் நாம் முதலில் அங்கே போய் மாட்டிக்கொள்கிறோம்.

முதலில் ஐரிஷ்ஜீனியாலஜி டாட் ஐஇ. அரசாங்கத் தளம். பிறப்பு என்றால் 100 வருடம், திருமணம் என்றால் 75, இறப்பு என்றால் 50 வருடம் தாண்டிய பதிவுகளின் அசல் பக்கத்தையே படமாகப் பார்க்கலாம். அங்கே எல்லோருக்குமான பிறப்பு இறப்புப் பதிவு 1864இல் தொடங்கியது, அதனால் உங்கள் தாத்தா 1904 என்றால் கட்டாயம் அதற்குள் வருவார். இதே பதிவுக்கு முத்திரை வைத்த முழுச் சான்றிதழ் வாங்கினால் 20 யூரோ, நம் பணத்தில் ஏறக்குறைய 400 ரேண்ட். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்குத்தான் அது தேவை, நமக்குப் படமே போதும். பக்கத்தில் அப்பா பெயர், அவர் குடியிருந்த இடம், தொழில், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் எல்லாம் இருக்கும். 1900க்கு அப்புறம் பிறந்தவர்களை அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரை வைத்தும் தேடலாம், அது தெரிந்தால் ஆயிரம் ஜான்களும் மூன்று நான்காகச் சுருங்கிவிடுவார்கள்.

அடுத்தது மக்கள்தொகைக் கணக்கு. 1901, 1911 இரண்டும் அயர்லாந்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் முழுசாக இலவசம். அதற்கு முந்தியது வேண்டும் என்று அலைய வேண்டாம். 1821 முதல் 1851 வரை எடுத்த கணக்குகளில் பெரும்பகுதி 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத் தீயில் எரிந்துபோனது, 1861, 1871 கணக்குகளை அதற்கு முன்பே அரசாங்கமே அழித்துவிட்டது, 1881, 1891 கணக்குகள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாகப் போயின. இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் 1881 கணக்கைத் தேடி எத்தனை ராத்திரி உட்கார்ந்திருக்கிறேன் தெரியுமா.

பெயரை எழுத்துக்கு எழுத்து நம்பாதீர்கள், சல்லிவன், ஓ'சல்லிவன் இரண்டையும் போட்டுப் பாருங்கள், ஒரே வீட்டில் அண்ணன் ஒரு மாதிரி தம்பி ஒரு மாதிரி இருப்பார்கள். நம் முதலியார் இங்கே மூட்லி ஆனதும் கவுண்டர் கவெண்டர் ஆனதும் போலத்தான். எழுதிய குமாஸ்தா காதில் எப்படி விழுந்ததோ அப்படி.

அந்த 'ஸ்கிப்' ஸ்கிபரீன் ஆகத்தான் இருக்க வேண்டும், கார்க் மாவட்டத்தின் மேற்குக் கோடி. 1840களின் பெரும் பஞ்ச காலத்தில் மிக மோசமாக அடிபட்ட ஊர்களில் ஒன்று. பதிவு மாவட்டமும் அதே பெயரில் இருப்பதால் தேடும்போது அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை, கார்க்கில் சல்லிவன் என்பது நம் ஊரில் கவெண்டர் மாதிரி, தெருவுக்குத் தெரு இருப்பார்கள்.

மாரிட்ஸ்பர்க் சரோஜா எழுதியது:

ராஜன் தம்பி சொன்னதெல்லாம் சரி, ஆனால் தேவி, நீ அயர்லாந்துக்குள் நுழைகிற இடம் தப்பு. டர்பனிலிருந்து தொடங்கு. ஜான் சல்லிவனின் அப்பா அம்மா பெயர் தெரியாமல் எந்தத் தளத்தில் போனாலும் யாரோ ஒரு ஜானைப் பிடித்துக்கொண்டு வந்து அம்மாவிடம் காட்டுவாய். தப்பான ஆளைத் தாத்தா என்று காட்டுவது ஒன்றும் காட்டாமலிருப்பதைவிடப் பெரிய பாவம்.

1958இல் இங்கே இறந்தவருக்குச் சொத்துக் கோப்பு இருக்க வாய்ப்பு உண்டு, அதன் முதல் தாளே மரண அறிவிப்பு. அதில் பிறந்த ஊர், அப்பா பெயர், அம்மா பெயர், மனைவி, பிள்ளைகள் என்று தனித்தனிக் கட்டம் இருக்கும். நம் தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தேடலில் பெயரையும் வருடத்தையும் கொடுத்தால் கோப்பு எண் கிடைக்கும், தேடக் கட்டணம் இல்லை. படம் அதில் வராது, எண்ணைக் குறித்துக்கொண்டு மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் கேட்க வேண்டும், நீ சொன்னால் நானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், எனக்கு நடந்து போகிற தூரம்தான். ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் நேட்டால் சொத்துக் கோப்புகள் நிறையவே படமாக இருக்கின்றன, அதுவும் இலவசம், பெயர் பதிந்து உள்ளே போனால் போதும். ஆனால் அறிவிப்பை நிரப்பியவர் யார் என்று கடைசி வரியில் பார். மனைவி நிரப்பியிருந்தால் ஓரளவு நம்பலாம்.

இன்னொன்று. கத்தோலிக்க சர்ச்சில் கல்யாணம் நடந்தது என்றாயே, அந்தச் சர்ச்சின் திருமணப் பதிவேட்டைக் கேள். மாப்பிள்ளை எங்கே ஞானஸ்நானம் வாங்கினார் என்பது அதில் இருக்கலாம். 1908க்கு அப்புறம் அவர்கள் சட்டப்படி, கல்யாணம் ஆனதும் ஞானஸ்நானம் கொடுத்த பங்குக்கு, அதாவது அந்த ஊர்ச் சர்ச்சுக்குத் தகவல் அனுப்ப வேண்டும், அங்கே பழைய பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராக ஓரத்தில் குறிப்பார்கள். அப்படியென்றால் அயர்லாந்தில் ஏதோ ஒரு கிராமத்துச் சர்ச்சில் உன் தாத்தா பெயருக்குப் பக்கத்தில் டர்பன் என்றும் உன் ஆயா பெயரும் எழுதியிருக்கலாம். எனக்கு அதை நினைக்கும்போதே சிலிர்க்கிறது.

ஃபீனிக்ஸ் குமார் எழுதியது:

ஒரே ஒரு விஷயம் சேர்க்கிறேன், தேவி அக்காவுக்கு இல்லாவிட்டாலும் படிக்கிற மற்றவர்களுக்கு உதவும். வட அயர்லாந்து ஆறு மாவட்டங்களுக்கும் தனிப் பதிவு அலுவலகம், தனித் தளம். அங்கே கிரெடிட் வாங்க வேண்டும், கொஞ்சம் விவரம் பார்க்க ஒரு கிரெடிட், முழுப் பதிவைப் பார்க்க ஐந்து. நான் பத்துப் பதினைந்து பதிவுகள் வாங்கிய பிறகுதான் தெரிந்தது, 1921 வரைக்குமான அந்த ஆறு மாவட்டப் பதிவுகள் ராஜன் அண்ணா சொன்ன அதே அரசாங்கத் தளத்தில் சும்மா கிடக்கின்றன. அதற்கு அப்புறம் உள்ளதற்கு மட்டும் கிரெடிட் செலவு பண்ணுங்கள்.

சாட்ஸ்வொர்த் தேவி எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். சரோஜா அக்கா காப்பகத்துக்கு இரண்டு முறை போய் வந்தார், அவருக்கு நான் எப்படி நன்றி சொல்வேன் என்று தெரியவில்லை.

மரண அறிவிப்பை ஆயாதான் கொடுத்திருக்கிறார். கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு. அப்பா பெயர் டேனியல், அம்மா பெயர் ஹானோரா, பிறந்த வீட்டுப் பெயர் டிரிஸ்கால், பிறந்த ஊர் ஸ்கிபரீன். எழுதப் படிக்கத் தெரியாத ஆயா, கணவர் போய் ஒரு மாதத்துக்குள், பார்த்தே இராத மாமியாரின் பிறந்த வீட்டுப் பெயரைத் தப்பில்லாமல் சொல்லியிருக்கிறார். தாத்தா சொல்லிச் சொல்லித்தான் மனதில் நின்றிருக்கும்.

அப்புறம் டிரிஸ்கால் என்று போட்டதும் பிறப்புப் பதிவு ஒன்றே ஒன்றுதான் வந்தது, 1904 நவம்பர். அந்தக் குடியிருப்பின் பெயரை வைத்து 1911 கணக்கைத் திறந்தேன். வீட்டுக்காரரே நிரப்பின தாள், நீல மைக் கோடுகள், டேனியல், ஹானோரா, ஆறு பிள்ளைகள். ஜான், மகன், வயது 6, தொழில் என்ற கட்டத்தில் 'பள்ளி மாணவன்'. ஹானோராவுக்கு நேராக, பிறந்த பிள்ளைகள் 7, உயிரோடு இருப்பவர்கள் 6. மொழி என்ற கட்டத்தில் பெரியவர்களுக்கு ஐரிஷும் ஆங்கிலமும், பிள்ளைகளுக்கு ஒன்றும் எழுதவில்லை. அதைப் பார்த்ததும் எங்கள் வீடு ஞாபகம் வந்தது, ஆயாவுக்குத் தமிழ், அம்மாவுக்குப் பாதி, என் பிள்ளைகளுக்கு 'வணக்கம்' மட்டும். அம்மாவுக்குப் பெரிதாக்கிக் காட்டினேன். ஜான் என்ற எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை.

ஒரு சந்தேகம். அந்த வீட்டில் டேனியலின் அம்மா மேரியும் இருக்கிறார். 1901இல் 58 வயது, 1911இல் 72. பத்து வருடத்தில் பதினான்கு வயது எப்படிக் கூடும்? இது வேறு குடும்பமோ என்று பயமாக இருக்கிறது. இப்போதாவது சந்தா கட்டிச் சரிபார்க்கட்டுமா?

டொங்காட் ராஜன் எழுதியது:

பயப்படாதீர்கள் அக்கா, அதே குடும்பம்தான். 1909 ஜனவரியிலிருந்து அங்கே 70 வயதானவர்களுக்கு முதியோர் பென்ஷன் கொடுக்கத் தொடங்கினார்கள். மேரி பிறந்த காலத்தில் பிறப்புப் பதிவே கிடையாது, வயதைக் காட்டத் தாளும் இல்லை, அதனால் 1911 கணக்கில் வயது இப்படிக் குதித்த பாட்டிகளும் தாத்தாக்களும் எக்கச்சக்கம். மற்றப் பெயர்கள் எல்லாம் பொருந்தினால் இந்த ஒன்றை வைத்துச் சந்தேகப்பட வேண்டாம்.

அதிலேயே உங்களுக்கு ஒரு நல்ல வழியும் இருக்கிறது. வயதை நிரூபிக்க, 1841, 1851 கணக்குகளில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி பென்ஷன் கேட்டவர்கள் விண்ணப்பித்தார்கள், அப்போது அந்தக் கணக்குகள் எரிந்திருக்கவில்லை. அந்தத் தேடல் படிவங்கள் தப்பிவிட்டன, அயர்லாந்துத் தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. பெண்கள் என்றால் பிறந்த வீட்டுப் பெயரில் தேட வேண்டும். படிவத்தில் மேரியின் அப்பா அம்மா பெயரும், சிறு வயதில் அவர் இருந்த குடியிருப்பும் இருக்கும். மேரியின் பிறந்த வீட்டுப் பெயர் தெரியவில்லை என்றால் டேனியலின் பிறப்புப் பதிவைத் தேடிப் பாருங்கள், 1864க்கு அப்புறம் பிறந்தவராக இருந்தால் அதில் இருக்கும். அதற்கு முன்னால் என்றால் சர்ச் ஏடுதான், அந்தப் பக்கம் கார்க்–ராஸ் மறைமாவட்டத்து ஏடுகள் அதே அரசாங்கத் தளத்தில் பெயர் வாரியாகத் தேடும்படி இருக்கின்றன. அயர்லாந்துத் தேசிய நூலகத்திலும் கத்தோலிக்கப் பங்கு ஏடுகள் ஏறக்குறைய 1880 வரை படமாக உண்டு, ஆனால் பக்கம் பக்கமாகத் திருப்ப வேண்டும், சில ஏடுகள் லத்தீனில் இருக்கும், ஜேம்ஸை யாக்கோபுஸ் என்று எழுதியிருப்பார்கள்.

இதெல்லாம் பார்த்து முடித்து எங்காவது முட்டி நின்றால் மட்டும் ரூட்ஸ் அயர்லாந்து பக்கம் போங்கள். எந்தெந்தப் பங்கு, எந்த வருடம் வரை என்ற பட்டியலை அவர்களே போட்டிருக்கிறார்கள், உங்கள் பங்கு அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒரே ஒரு மாதத்துக்குக் கட்டுங்கள். தேட வேண்டிய பெயர்களை எல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கட்டிய அன்றே தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவிடுங்கள்.

சரோஜா அக்கா சொன்ன அந்த ஓரக் குறிப்புக்குப் பங்குச் சாமியாருக்குத்தான் எழுத வேண்டும், 1904 ஏடு இணையத்தில் வராது. கடிதத்தில் பிறந்த தேதி, டேனியல், ஹானோரா டிரிஸ்கால், குடியிருப்பின் பெயர் நான்கையும் எழுதுங்கள். 1936 டர்பன் கல்யாணம் ஓரத்தில் குறித்திருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள், கேட்காவிட்டால் ஓரத்தைப் பார்க்காமலே பதில் போட்டுவிடுவார்கள்.