முதல் ரிவால்வரை விற்றுவிட்டு பிரபல் வாங்கலாமா? (வேலூர் மாவட்டம்)

கணியம்பாடி ஹவில்தார்:

எல்லோருக்கும் வணக்கம். மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் கணியம்பாடி பக்கம், அமிர்தி காட்டை ஒட்டிக் கொஞ்சம் நிலம். ரொம்ப காலமாக அரிசி வியாபாரம்.

என் லைசென்ஸில் இரண்டு துப்பாக்கிகள் இருக்கின்றன. ஒன்று, 2003-ல் வாங்கிய, கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்த .32 ரிவால்வர். நான் என் காசில் வாங்கிய முதல் கைத்துப்பாக்கி அதுதான். இன்னொன்று அப்பாவுடைய ஒற்றைக்குழல் 12 போர் நீளத் துப்பாக்கி. மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லையில் காட்டுப்பன்றி இறங்கிய காலத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கென்று அவர் வாங்கியது. அவர் போன பிறகு என் பெயருக்கு வந்தது.

இப்போது பிரபல் ரிவால்வர் மேல் ஆசை. 2023-ல் வந்தது. நம்முடையதைப் போல நடுவில் மடித்துத் திறக்க வேண்டியதில்லை, சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும். எனக்கு வலது கட்டைவிரல் மூட்டில் வலி. பழைய ரிவால்வரின் தாழை அழுத்தி மடிப்பதற்குள் முகம் சுளிக்கிறேன். குழலைப் பிடித்து ஆட்டினால் லேசாக ஆட்டமும் தெரிகிறது.

மூன்றாவதாக வாங்கிக்கொள்ள வழியில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டுதான். அப்பாவுடையதை யாருக்கும் கொடுக்க மாட்டேன், அதில் பேச்சே இல்லை. அதனால் ரிவால்வர்தான் போக வேண்டும். வாலாஜாவில் லைசென்ஸ் உள்ள ஒருவர் நாற்பதாயிரம் தருகிறேன் என்கிறார். புதியதற்கு மேலே போட வேண்டிய பணம் பென்ஷனில் சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஆனால் மனசு ஒப்பவில்லை. ஆரணியில் வசூல் முடித்துப் பணப்பையோடு இரவில் கண்ணமங்கலம் வழியாகத் திரும்பிய வருஷங்களில் அது என் இடுப்பில் இருந்தது. ஒரு தடவைகூட வெளியே எடுக்க வேண்டி வரவில்லை. அதற்காகவே அதன் மேல் ஒரு மரியாதை. நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?

ஆற்காட்டுக்காரன்:

அண்ணே, நான் என் பிஸ்டலை விற்றவன் என்பதால் சொல்கிறேன். மனசை அப்புறம் பார்க்கலாம், முதலில் வரிசை தப்பக்கூடாது. ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவுப்படி, விற்கப் போகிறேன், இன்னாருக்கு, அவர் முகவரி இது என்று கலெக்டருக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்து 45 நாள் கழிந்த பிறகுதான் பொருள் கை மாறலாம். வாலாஜாக்காரர் லைசென்ஸில் கைத்துப்பாக்கிக்கு அனுமதி இருக்கிறதா, இடம் காலியாக இருக்கிறதா என்று நீங்களே புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். வாலாஜா இப்போது ராணிப்பேட்டை மாவட்டம், அவருடைய பதிவு அந்தக் கலெக்டர் ஆபீஸில் நடக்கும். முன்பணம் கொடுத்தார் என்பதற்காகத் துப்பாக்கியை அவர் வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள்.

பிரபலுக்கு அனுமதி கையில் வரும் வரை பழையதை விற்காதீர்கள். இடையில் தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள், எல்லாம் நின்றுவிடும். 2019-ல் நம் வேலூர் தொகுதியில் ஏப்ரலில் நடக்க வேண்டிய தேர்தலை ரத்து செய்து ஆகஸ்ட் 5-ஆம் தேதி வைத்தார்களே, அந்த வருஷம் என் துப்பாக்கி வீட்டில் இருந்ததைவிட ஸ்டேஷனில் இருந்ததுதான் அதிகம்.

பணக் கணக்கையும் மறுபடி போடுங்கள். ரிவால்வர், பிஸ்டலுக்கு ஜி.எஸ்.டி. முன்பு 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 40. பழைய விலைப்பட்டியலைப் பார்த்துச் சேர்த்து வைத்திருந்தால் பத்தாது.

குடியாத்தம் ஆர்மரர்:

ஹவில்தார் சார், பட்டாளத்தில் ஆயுதம் பழுது பார்த்தவன் நான். ஆட்டம் என்றீர்களே, அதிலிருந்து தொடங்குவோம். தோட்டாவெல்லாம் எடுத்துவிட்டு, காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, மூடிய நிலையில் குழலை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அசைவு மேல் தாழில் இருந்தால் ஒரு வைத்தியம், கீழே கீல் ஆணியில் இருந்தால் வேறு வைத்தியம். கான்பூர் .32, வெப்லி என்கிற பழைய பிரிட்டிஷ் ரிவால்வரின் அமைப்பு. மடித்துத் திறக்கிற ரிவால்வர் சுட்டுத் தேய்வதைவிட, ஒரு கையால் சுண்டி மூடுவதில்தான் சீக்கிரம் தளரும். சினிமாவில் பார்த்துவிட்டு எல்லோரும் அப்படித்தான் மூடுகிறார்கள். இரண்டு கையாலும் மெதுவாக மூடுங்கள். காலித் தோட்டாவைத் தள்ளும் நட்சத்திர வடிவத் துண்டுக்கு அடியில் கரி சேர்ந்திருந்தாலும் இறுக்கமாக இருக்கும். துடைத்துப் பாருங்கள். மீதியை லைசென்ஸ் உள்ள பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள், நீங்களே சுத்தியல் எடுக்க வேண்டாம்.

பிரபல் நல்ல அமைப்பு, சட்டகம் ஒரே துண்டு, வலுவானது. எடை சுமார் 700 கிராம், பழையதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதே .32 ரிவால்வர் தோட்டா, அதனால் தோட்டா மாற்றுகிற சிக்கல் இல்லை. பிஸ்டலுக்கு மாறியிருந்தால் தோட்டாவே வேறு. ஆனால் 50 மீட்டர் வரை சுடும் என்று விளம்பரத்தில் வருவதைப் பார்த்து வாங்காதீர்கள். கைத்துப்பாக்கியைத் தற்காப்புக்கு எடுக்கும் தூரம் ஒரு அறையின் நீளம். இன்னொன்று, அதிலும் சிலிண்டரைத் திறக்கக் கட்டைவிரல்தான் வேலை செய்ய வேண்டும். உங்கள் வலி எதில் அதிகம் என்று கையில் பிடித்துப் பார்க்காமல் தெரியாது. கடையில் ஒரு முறை பிடித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வாணியம்பாடி வக்கீல்:

ஐயா, 2003-ல் வாங்கினேன் என்றீர்கள். ஆயுத விதிகள் 2016-ல் விதி 25 என்று ஒன்று இருக்கிறது. லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆனாலோ, அந்தத் துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, எது முதலில் வருகிறதோ அப்போது, அவர் உயிரோடு இருக்கும்போதே சட்டபூர்வ வாரிசு அதற்கு லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். உங்கள் ரிவால்வருக்கு 2028-ல் அந்த 25 வருஷம் நிறைகிறது. வாரிசுக்கு லைசென்ஸ் கிடைத்து அது அவர் பெயருக்குப் போனால், உங்கள் புத்தகத்தில் ஓர் இடம் காலியாகும். அதில் பிரபலுக்கு அனுமதி கேளுங்கள். வாரிசுக்குத் தகுதி, போலீஸ் விசாரணை, பயிற்சிச் சான்று எல்லாம் மற்றவர்களைப் போலவே உண்டு, தானாகக் கிடைத்துவிடாது.

நாற்பதாயிரத்துக்காக இன்றைக்கே விற்க வேண்டிய அவசரம் உங்களுக்கு இருக்கிறதா? வீட்டில் யாருக்காவது அது வேண்டுமா என்று கேட்டீர்களா?

ஆற்காட்டுக்காரன்:

வக்கீல் சார் சொல்வது சரி. எனக்கு அப்போது வாரிசு யாரும் கேட்கவில்லை, அதனால் விற்றேன். இப்போது நினைத்தாலும் விற்றது தவறில்லை. பூட்டிய பீரோவில் வருஷக்கணக்கில் கிடப்பதைவிட, பயன்படுத்துகிறவரிடம் இருக்கட்டும் என்று கொடுத்தேன்.

கணியம்பாடி ஹவில்தார்:

எல்லோருக்கும் நன்றி. விதி 25 பற்றி எனக்குத் தெரியாது. பெரிய மகளிடம் போனில் கேட்டேன். காட்பாடியில் உடற்கல்வி ஆசிரியை. கல்லூரியில் என்.சி.சி.யில் .22 ரைபிள் சுட்டவள், குறி தவற மாட்டாள். "ஏன்ப்பா இவ்வளவு நாளா கேக்கல? எனக்குக் கொடுங்க" என்றாள். தம்பிக்குப் போய்விடும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டிருந்தாளாம். அவனுக்கு இதில் ஆர்வமே கிடையாது.

ஆர்மரர் சார் சொன்னபடி பார்த்தேன். அசைவு மேல் தாழில்தான், கீல் உறுதியாக இருக்கிறது. துடைத்த பிறகு திறப்பது கொஞ்சம் இலகுவாகவும் ஆகியிருக்கிறது. வாலாஜாக்காரரிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளவில்லை. பிரபலைக் கையில் பிடித்துப் பார்க்கச் சென்னை போகும்போது, இதையும் லைசென்ஸோடு எடுத்துப்போய் அந்தத் தாழைச் சரி செய்துகொண்டு வருகிறேன்.

வக்கீல் சார், ஒரே ஒரு சந்தேகம். மகள் இருப்பது காட்பாடி, நான் கணியம்பாடி. விண்ணப்பம் என் பெயரிலா, அவள் பெயரிலா?

வாணியம்பாடி வக்கீல்:

அவர் பெயரில்தான். அவர் குடியிருக்கும் மாவட்டத்துக் கலெக்டரிடம் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இரண்டும் வேலூர் மாவட்டம்தான், சத்துவாச்சாரி ஆபீஸ் போதும். மற்ற பிள்ளைகளுக்கு ஆட்சேபணை இல்லை என்று அவர்களிடம் இப்போதே ஒரு கடிதம் எழுதி வாங்கி வையுங்கள். 2003-ல் வாங்கிய ரசீது பத்திரமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.